பனிக்காலத்தில் தோட்டத்தை விட்டு நிற்காதே

வெள்ளவத்தை,
2025 தை 19.

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். பொங்கலுக்கு முதல் நாள் நீ எழுதியிருந்த நீண்ட மின்னஞ்சலை அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். பிறகு நான் தனியாக இருந்து இன்னும் இரண்டு தடவை வாசித்தேன். அதன் கடைசிப் பந்தியில், இனிப் பங்குனி கழியும்வரை தோட்டத்துக்குப் போகாமல் விடலாம் என்று யோசிப்பதாகவும், இப்போது அங்கே வளர்வதும் ஒன்றுமில்லை, போய்ச் செய்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் சாப்பாட்டையும் தடிமனையும் விசாரிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது என்பதால், இதைப் பற்றி உனக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று இருந்தேன். போகாமல் விடாதே, மகள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன், இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு வெளியே ஒரு கூட்டுத் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறேன் என்று நீ முதன்முதல் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. கணக்காளர் பரீட்சையை முடித்து நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை எதற்காகச் சேற்றில் நிற்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்காமல் மௌனமாக இருந்ததால் நான் சம்மதித்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய். உண்மையில் சம்மதம் வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது, அதுவும் நீ எழுதிய கடிதங்களால்தான் வந்தது.

கார்த்திகைக் கடைசியில் லீக்ஸ் பிடுங்கிய ஒரு காலையைப் பற்றி எழுதியிருந்தாயே, அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கல்லாக இறுகியிருந்ததையும், நான்கு பல் கொண்ட இரும்பு முள்ளைக் குதிகாலால் ஊன்றி மிதித்து நெம்பினால் உள்ளே மண் கருமையாகவும் மெதுவாகவும் இருந்ததையும், வேரோடு வந்த மண்ணைப் புறங்கையால் தட்டி உதறி, பனியில் வழுவழுத்துப்போன வெளி மடலை உரித்ததும் வெள்ளைத் தண்டு பளிச்சென்று தெரிந்ததையும், கையுறைக்குள்ளே விரல்கள் மரத்துப்போக நீ அவற்றைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டதையும் அப்படியே எழுதியிருந்தாய். எங்களுக்கு லீக்ஸ் நுவரெலியாவில் விளைந்து, லொறியில் பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து வெள்ளவத்தைச் சந்தைக்கு வருகின்ற மரக்கறி. அந்த மலையில் தை மாசியில் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். உன்னுடைய தோட்டத்திலோ லீக்ஸும் கேல் கீரையும் பார்ஸ்னிப் கிழங்கும் பனி பட்ட பிறகுதான் சுவை கூடுகின்றன. குளிர் தாக்கும்போது அந்தப் பயிர்கள் தங்களிடமுள்ள மாப்பொருளைச் சீனியாக மாற்றிக்கொள்கின்றன. சீனி கரைந்த சாறு இலகுவில் உறையாது என்பதால் அது செடியின் உயிரைக் காக்கிறது, உண்பவனுக்கு இனிப்பாகவும் இருக்கிறது. இதை வாசித்து அறிந்துகொண்ட நாளில், நீ அனுப்பிய படத்தில் வெண்பனி பூத்து நின்ற அந்தக் கீரைப் பாத்தியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

வளர்வது ஒன்றுமில்லை என்று நீ எழுதியதில் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் கொழும்பில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. உன்னுடைய ஊரிலோ மார்கழி நடுவில் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைந்துவிடுகிறது. பகல் பத்து மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பயிர்கள் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும் என்கிறார்கள். அந்த இருட்டுக் காலம் அங்கே நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பெப்ரவரி முதல் வாரம் தாண்டும் வரை நீடிக்கிறது. அப்படியென்றால் அது முடிவதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, பிள்ளை. வெளிச்சம் திரும்பி வரப்போகும் நேரம் பார்த்து நீ போகாமல் நிற்கப் போகிறாய்.

ஐப்பசியில் நீ உள்ளிப் பற்களை உடைத்து ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டு வந்ததாக எழுதினாய். அந்த உள்ளிக்கு இந்தக் குளிர்தான் வேண்டும். சில கிழமைகள் நல்ல குளிர் படாவிட்டால் அது பல்பல்லாகப் பிரியாது. சின்ன வெங்காயம்போல ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். ஆக, நீ ஒன்றுமில்லை என்று நினைக்கும் இந்த நாட்களில் அந்த வைக்கோலுக்குக் கீழே ஒரு காரியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெறுமனே கிடந்த பாத்திகளில் நீங்கள் விதைத்த றை புல்லும் அப்படித்தான். மாரி மழை மண்ணிலுள்ள நைத்திரேற்று என்ற உரச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகாதபடி அதன் வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தோட்டங்கள் நெருக்கமாக உள்ள இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று அளவுக்கு மேல் கலந்திருப்பதற்குப் பல வருடங்களாகக் கொட்டிய இரசாயனப் பசளை ஒரு முக்கிய காரணம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான் என்பதால், நீங்கள் செய்கிற இந்தச் சிறிய வேலையின் பெறுமதி எனக்கு விளங்குகிறது.

உன்னுடைய அப்பப்பாவைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. கட்டுவனில் எங்களுக்கு இருந்த செம்மண் தோட்டத்தைப் பற்றியும், 1990 ஆனியில் போரால் அதை விட்டு எழும்பிவந்ததைப் பற்றியும் பேசினால் அம்மா கலங்குவாள் என்று சொல்லிக்கொண்டு, கலங்கக்கூடியவன் நானே என்பதை மறைத்து வைத்திருந்தேன். அப்பப்பா வெங்காயம் நடுவதற்கு முன் குழை தாழ்ப்பார். பூவரசங்குழையும் காவிளாயும் வண்டியில் வந்து இறங்கும். தோட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கிடங்கு வெட்டி, குழையை நிரவிப் போட்டு, வெறுங்காலால் மிதித்து அமர்த்தி, அடுத்த கிடங்கின் மண்ணை எடுத்து இதை மூட வேண்டும். மூன்று நான்கு நாட்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு புளித்த வாசம் எழும். அயலவர்கள் எங்களுக்கு வருவார்கள், நாங்கள் அவர்களுக்குப் போவோம்; யாரும் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை. நடுகை நாளிலும் அறுவடை நாளிலும் நான் உற்சாகமாக நிற்பேன். குழை தாழ்க்கும் நாளில் மட்டும் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசிகசாலைக்குப் போய்விடுவேன். அப்பப்பா ஒரு வார்த்தை ஏசியதில்லை. இப்போது நினைத்தால், அந்த வருடங்களில் நான் சாப்பிட்ட சோற்றிலும் படித்த படிப்பிலும் நான் தவிர்த்த அந்த வேலை இருந்தது என்பது நெஞ்சை உறுத்துகிறது.

மண்ணைத் தயார்படுத்துவது இப்படிப் பல வருடங்களாகப் பலர் சேர்ந்து செய்கிற வேலை என்பதை எங்கள் நாடு கண்ணெதிரே கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தினார்கள். கூட்டெருவும் இல்லை, குழையும் இல்லை, பழகிய கைகளும் இல்லை. நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் அதற்குள் கெட்டுவிட்டது. சேதன விவசாயத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு நீங்கள் செய்வதுபோல ஒவ்வொரு பனிக்காலமும் எருக்கும்பியைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் வேண்டும். காலைக் குளிரில் அந்தக் கும்பியைக் கிளறியதும் ஆவி எழும்பியதாகவும், வெப்பமானி 60 பாகை காட்டியதாகவும் எழுதியிருந்தாய். அம்மா அதை நம்பவில்லை; நுண்ணுயிர்கள் உக்க வைக்கும்போது உண்டாகும் சூடு அது என்று விளங்கப்படுத்தினேன்.

இனி நான் சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்கிறேன். 2022-ல் எரிவாயுவும் எரிபொருளும் இல்லாமல் நாங்கள் வரிசைகளில் நின்ற காலம் உனக்குத் தெரியும். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். நிலமே இல்லாத எங்கள் மாடிக் கட்டடத்தில், ஏழு வீட்டார் சேர்ந்து மொட்டைமாடியில் பழைய பெயின்ற் வாளிகளில் கத்தரி, மிளகாய், பொன்னாங்காணி, வல்லாரை வைத்தோம். ஆளுக்கொரு நாள் தண்ணீர் ஊற்றும் முறை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மாலையில் மேலே சேர்ந்து நின்று கதைத்த அந்த நான்கு மாதங்கள், இந்தக் கட்டடத்தில் நாங்கள் வாழ்ந்த இருபது வருடங்களில் இல்லாத ஒரு நெருக்கத்தைத் தந்தன. பிறகு ஐப்பசி மழை வந்தது. மழைதானே, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் வீட்டுக்குள் இருந்துவிட்டோம். என் முறை வந்த நாளிலும் நான் மேலே ஏறவில்லை. ஒன்பது நாட்கள் கழித்து ஏறிப் பார்த்தபோது வாளிகளின் துளைகள் அடைபட்டு, தண்ணீர் விளிம்புவரை நின்று, காய்த்துக் குலுங்கிய மிளகாய்ச் செடிகள் வேரழுகிச் சாய்ந்து கிடந்தன. ஒருவர் போய் ஒரு ஈர்க்கினால் குத்திவிட்டிருந்தால் போதும். அதன் பிறகு யாரும் மறுபடி நடவில்லை. வெயிலிலும் தட்டுப்பாட்டிலும் சேர்ந்து நின்ற நாங்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்த ஒரு கிழமையில் கலைந்துபோனோம்.

அதனால்தான் உன் கடைசிப் பந்தியை வாசித்ததும் பயந்தேன். சம்பளம் வாங்குபவர் இருவர் மட்டுமே உள்ள ஒரு தோட்டத்தில், கோடையில் நாற்பது தொண்டர்கள் வருவார்கள் என்றும் தையில் ஐந்தாறு பேர்தான் வருவார்கள் என்றும் நீயே சொன்னாய். அந்த ஐந்தில் ஒன்று குறைவதும் நாற்பதில் ஒன்று குறைவதும் ஒன்றாகுமா? உங்கள் தோட்டத்தில் மரக்கறிப் பை வாங்கும் குடும்பங்கள் விளைச்சல் நன்றாக இருந்தாலும் குறைந்தாலும் மாதா மாதம் பணம் கட்டி, கமக்காரனின் நட்டத்தில் பங்கெடுக்கிறார்கள். யப்பானில் 1970-களில் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் தாய்மார்கள் பலர் முன்னின்று இந்த முறையை வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1986-ல் இரண்டு தோட்டங்கள் இவ்வகையில் தொடங்கின. அவர்கள் பணத்தால் தாங்குவதை நீங்கள் நேரத்தால் தாங்குகிறீர்கள். இங்கே இதைச் சிரமதானம் என்போம். சர்வோதய இயக்கத்தை நிறுவிய ஏ. ரி. ஆரியரத்ன 1958-ல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடங்கிய அந்தப் பெரிய காரியம், இன்று பல இடங்களில் ஒருநாள் கூடிப் படம் எடுத்துக்கொண்டு கலைவதாகச் சுருங்கிவிட்டது என்பது என் மனக்குறை. தோட்டத்துக்கு ஒருநாள் போதாது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். சித்திரை, வைகாசியில் பனிக்காலப் பயிர்கள் பூத்து முற்றிவிடும், புதியவை இன்னும் தேறியிருக்காது; அங்குள்ள கமக்காரர் அதைப் பசியின் இடைவெளி என்று சொல்வார்களாம். உங்கள் பைகள் மெலிந்துபோகும் அந்த மாதங்களை நிரப்புவது, இப்போது பொலித்தீன் கூடாரத்துக்குள் தட்டுகளில் விதைக்கும் கீரையும், அடுத்த மாதம் சூட்டு மேசையில் முளைக்க வைக்கும் நாற்றுகளும்தான். ஆப்பிள் கன்றுகளையும் உறக்கத்தில் இருக்கும் இந்த மாதங்களில்தான் வெறும் வேரோடு நட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பங்குனி கழிந்து நீ போகும்போது இவையெல்லாம் வேறு யாரோ செய்து முடித்த வேலைகளாக இருக்கும்.

உன் உடம்பை வருத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதே. காய்ச்சல் உள்ள நாளில் போக வேண்டாம். நிலம் கண்ணாடிபோல உறைந்திருக்கும் காலையில் தள்ளுவண்டியைத் தொடாதே. றப்பர் சப்பாத்துக்குள் கம்பளிக் காலுறை இரண்டு போடு. நனைந்த கையுறையை உடனே மாற்று. சுக்கும் கொத்தமல்லியும் அவித்துச் சுடுபோத்தலில் கொண்டுபோ, மற்றவர்களுக்கும் ஊற்றிக் கொடு. கொட்டகை அடுப்பில் உன்னுடைய பருப்புக் கறியை விரும்பிச் சாப்பிட்ட அந்த வயதான அம்மாவுக்கு, எழுபது தாண்டியும் இந்தக் குளிரில் வருகிற அவருக்கு, என் வணக்கத்தைச் சொல்.

தெரிந்தவர் ஒருவர் மாசி முதல் கிழமை லண்டன் வருகிறார். அவரிடம் அம்மா எள்ளுருண்டையும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறாள்; நான் ஒரு பொட்டலம் வெந்தய விதை வைக்கிறேன், கூடாரத்துக்குள் கீரையாக முளைக்கிறதா என்று பார். வருகிற சனிக்கிழமை போனால், உள்ளிப் பாத்தியில் ஒரு மூலையில் வைக்கோலை மெதுவாக விலக்கி, முளை எத்தனை விரற்கடை வந்திருக்கிறது என்று எனக்கு எழுது. பார்த்த பிறகு வைக்கோலை மறுபடி மூடிவிடு.

என்றும் அன்புடன்,
அப்பா