பூம்பாறையிலிருந்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மூன்று நாளாக ஒரே மூடுபனி, துவைத்த துணி எதுவும் காயவில்லை.

ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் சொன்ன நான்கு படிகளைப் பயிற்சிக் காலத்தில் படித்தோமே: நோக்கம், திட்டம், செயல், மதிப்பிடுதல். பிள்ளைகள் மனசார இறங்கிச் செய்வதுதான் அவருக்கு முக்கியம். நானோ இத்தனை வருஷமும் தலைப்பையும் நானே கொடுத்து, மதிப்பெண்ணும் நானே போட்டேன். நடுவில் சார்ட் ஒட்டுகிற வேலை மட்டும் அவர்களுக்கு. இந்த முறை, "வீட்டில் யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியோடு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், பூண்டைப் புகையில தொங்கவிடுறோமே, அதனால எடை கூடுதலா குறையுமா?" நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். அவள் கவலை வேறு. வடுகபட்டிச் சந்தையில் தராசில் வைக்கும்போது அப்பாவுக்கு எவ்வளவு குறைகிறது என்பது.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். 2 கிலோ அடுப்புக்கு மேலே, 2 கிலோ காற்றாடும் அறையில், வாரம் ஒருமுறை எடை. ஆனால் ஒரு பக்கம் பெரிய பூண்டு, மறுபக்கம் பொடிப்பூண்டு என்று வைத்துவிட்டார்கள்; பூண்டின் அளவே வேறானால் எப்படி ஒப்பிடுவது? சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அவர்களே கண்டுபிடித்து, முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த மூன்று வாரம் வீண் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன்.

செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடவேண்டுமே? அதை எதற்குப் போடலாம் என்று அவர்களையே எழுதச் சொன்னேன். "நோட்டு அழகுக்கு வேண்டாம் மிஸ், எங்க தப்பு பண்ணோம்னு எழுதினதுக்குப் போடுங்க" என்றார்கள். அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு பையன்கள் மட்டும் இன்னும், "நீங்களே தலைப்பு குடுங்க மிஸ்" என்றுதான் நிற்கிறார்கள். எட்டு வருஷம் கேள்வி கேட்டே பழகாத பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. உன் வகுப்பில் இப்படி இருப்பவர்களை என்ன செய்கிறாய்? விவரமாக எழுது.

அடுத்த எடை வெள்ளிக்கிழமை. கணக்கை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பூம்பாறைக்காரி