புனித அந்தோனியார் கோவில் கூரைப் பணி: நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் சிற்றூரின் புனித அந்தோனியார் கிளைக்கோவிலில், ஜூன் 13ஆம் நாள் திருவிழாத் திருப்பலி புதிதாக வேய்ந்த ஓட்டுக் கூரையின்கீழ் நிறைவேறியது. பணிக்குக் கைகொடுத்தவர்களில் பலர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். பூசை முடிவில் வாசிக்கும் அறிவிப்பில் நன்றி சொன்னால் அது அவர்கள் காதுக்கு எட்டாது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

கூரை ஒழுகத் தொடங்கியபோது, இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம் என்றே எங்களில் பெரும்பாலோர் எண்ணினோம். பங்குத்தந்தை அவர்கள் தம் விருப்பத்தைத் திணிக்காமல் எல்லாரையும் பேசவிட்டார். அதற்காகவே அவருக்கு முதல் நன்றி. சுவரைத் தட்டிப் பார்த்த ஊரின் மூத்த கொத்தனார், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது, பின்னாளில் மேலே பூசிய சிமெண்டுதான் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது என்றார். அவர் சொல்லே நின்றது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் பக்குவத்தை, வயதான காலத்தில் சாரத்தின் அடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, இரண்டு இளம் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைப்பழக்கம் ஊரில் தங்கியதைக் கூரையைவிடப் பெரிய வரவாக நாங்கள் கருதுகிறோம். உடையாத பழைய ஓடுகளைச் சித்தாள் பெண்கள் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவித் தந்ததால் புதிதாக வாங்கியவை கொஞ்சமே.

கைமரங்களும் ரீப்பர்களும் தந்த கிருஷ்ணகிரி மரக்கடை பாய், முன்பணம் கேட்கவில்லை. இவ்வூரில் பணம் புழங்குவது மாங்காய் விற்ற பிறகுதான் என்பது அவருக்குத் தெரியும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய்க்குப் பணம் வந்து, ஆடியில்தான் அவர் பாக்கியைத் தீர்த்தோம். அதுவரை ஒரு முறைகூட ஆள் அனுப்பவில்லை. ஒரு வண்டிக் காயின் முழு விலையையும் கொடுத்த தோட்டக்காரர் ஒருவர், தம் பெயரை வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், சனிக்கிழமை இரவுப் பேருந்தில் வந்து, ஞாயிறு முழுவதும் ஓடு ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். இவர்களில் எல்லாச் சமூகத்தாரும் உண்டு. 2020 ஊரடங்கில் வேலையிழந்து வந்து சேர்ந்தபோது, வீட்டுக்குள் போகாமல் தனித்திருந்த நாள்களில் இவர்கள் படுத்துறங்கியது இக்கோவில் திண்ணையில்தான். கூலி கொடுக்க முயன்றபோது அதைத்தான் நினைவூட்டினார்கள். அதற்குமேல் எங்களால் வற்புறுத்த முடியவில்லை.

பணி நடந்தபோது பிள்ளைகளின் மாலை வகுப்பு நின்றுவிடுமோ என்ற கவலை இருந்தது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா தாழ்வாரத்தைத் திறந்துவிட்டு, விளக்குக்கும் ஏற்பாடு செய்தார். மாரியம்மன் கோவில் நிர்வாகத்தார் சாமியானாவும் பாத்திரங்களும் தந்தனர். ஊரில் எந்த வீட்டில் சாவு நேர்ந்தாலும் எங்கள் கோவில் மணி ஒலிப்பதும், செவ்வாய்க்கிழமை புனிதர் பெயரால் பகிரும் அந்தோனியார் ரொட்டிக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வருவதும் பழைய வழக்கம் என்பதால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பார்கள் ஊரார். நன்றி சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது. மகளிர் குழுவினர் வேலையாட்களுக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கிப் போட்டார்கள். வெளியூர் மேஸ்திரி ஒருவர் முதல் நாள் களியை மென்று விழித்ததும், மூன்றாம் நாள் இரண்டாவது உருண்டை கேட்டதும் இங்கே பதிவாக வேண்டியவை.

நன்கொடையாளர் பெயர்களைப் பொறிக்கப் பர்கூர்ப் பக்கத்துக் கல் பட்டறைக்காரர் மெருகேற்றிய கறுப்புக் கல் ஒன்றை இலவசமாகத் தந்தார். தொகை வாரியாகப் பெயர் வெட்டினால், ஓடு கழுவியவர்களை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் அவர் ஒப்புதலுடன், பெயர் எதுவும் வெட்டாமல், ரேஷன் வாங்கிவரும் முதியவர்கள் இளைப்பாறும் புங்கமரத்தடியில் அதை இருக்கையாகப் பதித்தோம்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் அமைந்ததையும், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதையும் கண்ட கோவில் இது. அதன் பழைய கணக்கேடுகளோடு இப்பணியின் வரவு செலவு ஏட்டையும் சேர்த்து, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரிடம் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதத் தொகையை மாலை வகுப்பின் மின்கட்டணத்துக்கு ஒதுக்கியுள்ளோம். இம்மடலில் விடுபட்டவர்கள் இருந்தால் செவ்வாய்க்கிழமை மாலையில் நேரில் சொல்லுங்கள். அடுத்த அறிவிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கோவில் பணிக் குழுவினரும் இறைமக்களும்