தேயிலை மாத்திரையும் என் மச்சானின் கல்லீரலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கிரீன் டீயில் ஆன்டி ஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனால் உடம்புக்கு வரும் கெடுதலைத் தடுக்கும் பொருள்) இருப்பதால் அது கல்லீரலுக்கு நல்லது என்று வந்த கட்டுரையைப் படித்தேன். கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறவனுக்கு அதில் என்ன கோபம் என்று கேட்பீர்கள். டீ குடிக்க நேரமில்லாதவர்கள் அதன் சாறை மாத்திரையாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் மச்சானுக்கு ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. மனுஷன் பயந்துபோய் ஒரு கடையில் கிரீன் டீ மாத்திரை பாட்டில் வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறார். இரண்டு மாதத்தில் கண் மஞ்சள், சிறுநீர் கட்டன் டீ நிறம். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்து நாளை வீணடித்தோம். அப்புறம் டாக்டர், மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லையே, வேறென்ன சாப்பிடுறீங்க என்று கேட்டபோது இவர் ஒண்ணுமில்லை என்றார். பொய்யில்லை, டீயை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? என் மனைவிதான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லச் சரியானது.

ஆன்டி ஆக்ஸிடன்ட் சமாச்சாரம் எங்களுக்குப் புதிதல்ல, பேர்தான் புதிது. கொழுந்தை ஃபேக்டரியில் வாட வைத்து, வெட்டிப் பரப்பினால் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறத்துக்கு வரும். இலையிலுள்ள கேட்டசின்கள், அதாவது தேயிலையின் ஆன்டி ஆக்ஸிடன்ட்கள், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதால் வருகிற நிறம் அது. அப்படி மாறுவதற்கு முன்பே இலைக்குச் சூடு காட்டி நிறுத்திவிட்டால் கிரீன் டீ, கேட்டசின் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். கல்லீரலுக்குள்ளும் ஆக்ஸிஜனால் இப்படி ஒரு தொல்லை உண்டு. சாராயத்தையோ மாத்திரையையோ கல்லீரல் உடைக்கும்போது கிளம்புகிற முரட்டு மூலக்கூறுகளை அடக்க, குளுட்டாதியோன் என்ற ஒன்றைக் கல்லீரல் தானே செய்து வைத்துக்கொள்கிறது. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் இந்தக் கையிருப்பு தீர்ந்துதான் கல்லீரல் செல்கள் சாகின்றன. அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் அதைத் திரும்ப நிரப்பும் மருந்து, சீக்கிரம் கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். அதனால் கட்டுரையின் அடிப்படையில் எனக்குச் சண்டை இல்லை. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, எந்த ஆன்டி ஆக்ஸிடன்ட்டும் எவ்வளவு போனாலும் நல்லது என்பதுதான் இடிக்கிறது.

அளவைப் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இதை அலசியது. கிரீன் டீயாகக் குடிப்பவர்கள் உடம்பில் ஈஜிசிஜி என்ற முக்கியமான கேட்டசின் நாளுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம்தான் போகிறது. மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது, கல்லீரல் அடிபடுகிறது என்பதற்கு அது அடையாளம். வெறும் வயிற்றில் எடுத்தால் அது ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். எல்லாருக்கும் ஆகாது, சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாகு இருக்கிறது, ஆனால் யாருக்கு என்று பாட்டிலில் எழுதியிருக்காதே. மஞ்சளும் அப்படித்தான், குழம்பில் போடுகிற மஞ்சளால் ஒன்றுமில்லை, மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

(தேயிலைக்காரன் வாயால் சொல்ல வலிக்கிறது, கல்லீரல் சுருக்கம் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருப்பது காபி குடிப்பவர்களுக்குத்தான்.)

ஊட்டியிலும் குன்னூரிலும் டீ வாங்க வருகிற சுற்றுலாக்காரர்கள் கையில் இப்போது கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற லிவர் டீடாக்ஸ் பவுடரும் சேர்ந்து போகிறது. இந்த மாதிரிச் சத்துச் சரக்குகளில் 'மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டுமென்று சட்டமே இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கப் பாட்டிலைத் திருப்பி, கண்ணாடியும் போட வேண்டும். நீங்களாவது அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள், போடும்போது மில்லிகிராம் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.