ஜூமில் பண்டிகை கூடுமா?

ஆசிரியருக்கு, வணக்கம். கொரோனா கால ஆன்லைன் வழிபாடு பற்றிய கட்டுரையில் யூதர்கள் பட்ட பாட்டையும் எழுதியிருக்கலாம். பண்டிகை நாளில் மின்கருவியை இயக்கக்கூடாது என்பது ஆசாரமான யூதர்களின் வழக்கம். 2020-இல் குடும்பமே கூடி உண்ணும் பஸ்கா பண்டிகை விருந்து ஊரடங்கில் மாட்டிக்கொள்ள, தனியாகக் கிடக்கும் பெரியவர்களுக்காக, பண்டிகை தொடங்கும் முன்பே ஜூம் வீடியோ அழைப்பைப் போட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று இஸ்ரேலில் சில ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சொன்னார்கள். தலைமை ரபிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது. சரி, நம் செட்டிநாட்டுக்கு வருவோம். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று 21 நூலிழைத் திரி மாவில் எரிய எரியப் பெரியவர்கள் கையால் கொடுக்க, அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதைத்தான் இழை எடுப்பது என்போம்; அந்த மாவை எந்தச் செல்போன் கொடுக்கும்? ஆனாலும் சிங்கப்பூர்ப் பேரன் அப்பத்தாவைத் திரையில் பார்த்துக்கொண்டே இழை எடுத்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்ளவா போகிறார்?

– ஒரு வாசகர், காரைக்குடி