நாலாம் மாடி அக்காவின்ர வாடகை பற்றி கவுன்சிலுக்கு ஒரு மடல்

இங்கிலாந்தில எங்கட வீடுகளுக்குச் சொந்தக்காரரான கவுன்சிலில வாடகை அரியர்ஸ், அதுதான் கட்டாமக் கிடக்கிற பாக்கி, பாக்கிற பகுதி ஆக்களுக்கு, வணக்கம்.

என்ர முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கட பில்டிங்கில இங்கிலீஷ் கடிதம் வந்தா வாசிச்சுச் சொல்லவும் உங்களுக்குப் போன் அடிக்கவும் என்னைத்தான் கூப்பிடுறவை. "அவா பக்கத்தில இருக்கிறா, என்னைக் கதைக்கச் சொல்லுறா" எண்டு தொடங்கிற அந்த ஆள் நான்தான். லைனில காத்திருந்து காத்திருந்து உங்கட மியூசிக் எனக்கு இப்ப பாடம்.

2025 பெப்ரவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாம் மாடி அக்கா ஒரு பிஸ்கட் ரின்னோட என்ர வீட்டுக்கு வந்தா. பலகாரமாக்கும் எண்டு சந்தோசமா வாங்கித் திறந்தா உள்ளுக்க பதினாலு என்வலப், ரெண்டைத் தவிர ஒண்டும் உடைக்கேல்லை. எல்லாம் நீங்கள் அனுப்பினது. மேல கிடந்தது மட்டும் தபால்ல வரேல்லை, ஆரோ கதவுக்குள்ளால தள்ளிவிட்டுப் போனது, அதுதான் வீட்டை எடுக்கக் கோட்டுக்குப் போகப்போறம் எண்ட நோட்டிஸ். அக்கா அதில நாலு கிழமை எண்டதை மட்டும் விளங்கிக்கொண்டு, நாலு கிழமையில வெளிய போடுவாங்கள் எண்டு நினைச்சு சாமிப்படமெல்லாம் பெட்டியில கட்டிப்போட்டா.

அவா வாடகை கட்டாம உல்லாசமாத் திரிஞ்ச ஆள் இல்லை. விடிய நாலரைக்கு எழும்பி ரெண்டு ஒஃபிஸ் கிளீன் பண்ணப் போறவா. நானும் அவாவுமா இருந்து கணக்குப் பாத்தம், கடன் எங்க இருந்து வந்தது எண்டு.

முதலாவது ஏப்ரல். 2024 ஏப்ரலில வாடகை 7.7 வீதம் கூடினது, கிழமைக்கு 132 பவுண் 142 ஆச்சு. நீங்கள் அதுக்குக் கடிதம் அனுப்பினீங்கள்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவாவுக்கு வாடகைக்கும் சேத்து யுனிவேர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக்காசு வாறது, புது வாடகையை அதின்ர ஒன்லைன் கணக்கான ஜேர்னலுக்குள்ள போய் அவாவேதான் உறுதிப்படுத்தோணும் எண்டது அவாவுக்கு விளங்கேல்லை, ஜேர்னல் பாஸ்வேர்டு மகனின்ர பழைய போனோட போட்டுது. அவங்கள் பழைய வாடகைக்குத்தான் கணக்குப் போட்டுக் காசு குடுத்துக்கொண்டிருந்தாங்கள். மாதம் 44 பவுண் அதில ஓட்டை.

ரெண்டாவதுதான் பெரிசு. 2024 ஜூனில மகனுக்கு 21 முடிஞ்சுது. கேக் வெட்டி எங்களுக்கும் தந்தவை. அந்த மாதத்தில இருந்து, வளந்த பிள்ளை வீட்டில இருக்கிறபடியா வாடகைக்கு அவரும் பங்கு குடுப்பார் எண்டு சொல்லி யுனிவேர்சல் கிரெடிட்டில மாதம் 91 பவுண் சொச்சம் வெட்டத் தொடங்கிட்டாங்கள். அவர் குடுக்கிறாரோ இல்லையோ, வெட்டு வெட்டுத்தான். அந்தப் பிள்ளைக்கு டெலிவரி வேலை, ஒரு கிழமை இருக்கும் மறு கிழமை இராது, உழைச்ச காசில ஊரில அம்மம்மாவின்ர மருந்துக்கும் அனுப்பிறவர். அக்காவுக்கு ஏன் வெட்டினாங்கள் எண்டே தெரியாது. தெரிஞ்சாலும் கேட்டிருக்க மாட்டா. எங்கட சனம் பெத்த பிள்ளையிட்ட வாடகை கேக்கிறேல்லை, பிள்ளையும் கலியாணம் கட்டுமட்டும் வீட்டை விட்டுப் போறேல்லை, நீங்கள் உங்கட ஃபோமில நொன் டிபெண்டன்ட் எண்டு எழுதுற ஆளை நாங்கள் வீட்டுப்பிள்ளை எண்டுதான் சொல்லுறது. நீங்கள் இந்தச் சட்டத்தைப் போடேல்லை, தெரியும். ஆனா இந்த வெட்டு விழுற வீடு எங்கட பில்டிங்கில மட்டும் எத்தினை எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

மூண்டாவது சின்னது, ஆனா எனக்கு ஆகக் கடுப்பு. உங்கட வாடகை திங்களுக்குத் திங்கள். 2024 ஏப்ரல் 1 திங்கள், 2025 மார்ச் 31ம் திங்கள், அந்த நிதியாண்டில 53 திங்கள். யுனிவேர்சல் கிரெடிட் 52 கிழமைக்குத்தான் கணக்குப் பாக்கும். அந்த ஒரு கிழமை 142 பவுண் ஆர் தலையில?

எல்லாத்தையும் கூட்டினா மார்ச் முடிவில 1,585 பவுண் வந்தது. சோம்பேறித்தனம் அதில ஒரு சதத்துக்கும் இல்லை.

இனி உங்கட பக்கம். கோட்டுக்குப் போக முதல் கவுன்சில் என்ன செய்யோணும் எண்டு ஒரு நெறிமுறை இருக்கு, உங்களுக்கு என்னை விட வடிவாத் தெரியும். நேர கதைக்கோணும், கட்டக்கூடிய அளவா ஒரு ஒழுங்குக்கு வரோணும், வாசிச்சு விளங்கக் கஷ்டப்படுற ஆள் எண்டு தெரிஞ்சா விளங்கப்படுத்த வழி பாக்கோணும், மூண்டு மாதத்துக்கொருக்கா விளங்கக்கூடிய மாதிரி வாடகைக் கணக்கு அனுப்போணும். கணக்கு வந்ததுதான். அதில பாக்கிக்குப் பக்கத்தில டி.ஆர் எண்டு கிடக்கு, அக்கா அதை டொக்டர் சம்பந்தமான என்னவோ எண்டு நினைச்சிருக்கிறா. சிரிக்காதீங்கோ, அது டெபிட், கட்டவேண்டிய காசு எண்டு நானும் முதல் தரம் கூகிள் பண்ணித்தான் பாத்தனான்.

போன் எடுத்தம். உங்கட ஆள் கேட்டது வாடகைக்கு மேலால கிழமைக்கு 50 பவுண். அக்கா பயத்தில "ஓம் ஓம்" எண்டு தலையாட்டிப்போட்டா, போனுக்குத் தலையாட்டினா ஆருக்குத் தெரியும், நான்தான் யெஸ் சொன்னன், அந்தப் பிழை என்னில. ரெண்டு கிழமை கட்டினா, ஒரு சோடி காப்பு அடகுக்கடைக்குப் போச்சு. மூண்டாம் கிழமை ஏலாமப் போச்சு. நீங்கள் அதை ஒப்பந்தத்தை மீறினது எண்டு எழுதிக் கோட்டுக்குப் போனீங்கள்.

இதை வாசிக்கிற எங்கட சனத்துக்கும் இதில ஒண்டு சொல்லோணும். நோட்டிஸ் வந்தா வீடு போச்சு எண்டில்லை. இங்கிலாந்தில பழைய கவுன்சில் ரெனன்சி (வாடகை ஒப்பந்தம்) எண்டா வாடகை அரியர்ஸுக்கு வீட்டை எடுக்கிறது 1985 ஹவுசிங் சட்டத்தில கிரவுண்ட் 1 எண்ட காரணம், அதில நீதவான் வெளிய போடுறது நியாயமோ எண்டு பாத்துத்தான் ஓர்டர் குடுப்பார், கட்டாயம் குடுக்கோணும் எண்டில்லை. ஓர்டருக்குப் பிறகும் பெய்லிவ், அதுதான் கோட் ஓர்டரை நிறைவேத்த வாற அதிகாரி, வந்தாத்தான் வெளிய போடலாம், கவுன்சில் தானா வந்து போடேலாது, பெய்லிவ் திகதி வந்தாலும் என்244 ஃபோம் போட்டு நிப்பாட்டச் சொல்லிக் கேக்கலாம். 2023 ஓகஸ்ட்டில இருந்து இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் இந்த மாதிரி நோட்டிஸ் வந்த ஆக்களுக்கு வருமானம் பாக்காம இலவசமாச் சட்ட உதவி இருக்கு. தயவுசெய்து என்வலப்பை உடையுங்கோ.

அக்காவுக்கும் அந்த உதவியாலதான் தப்பினது. கோட் வாசலில அந்தச் சட்ட உதவி குடுக்கிற ஒரு பிள்ளை, பத்து நிமிசத்தில ஃபைலைப் புரட்டிப் பாத்து எல்லாத்தையும் பிடிச்சிட்டுது. நீதவான் வாடகையோட கிழமைக்கு 10 பவுண் கட்டச் சொல்லி, அதைக் கட்டிக்கொண்டு வாறவரைக்கும் வெளியேத்தக்கூடாது எண்டு ஓர்டர் போட்டார். நாங்கள் போன்ல கெஞ்சிக் கேட்டதும் அந்தப் பத்துப் பவுண்தான். இப்ப கோட் செலவும் அக்காவின்ர கணக்கில ஏறி நிக்குது.

அவாவை வெளியேத்தியிருந்தா என்ன நடந்திருக்கும்? உங்கட கவுன்சிலின்ர வேற பகுதிக்குத்தான் வந்து வீடில்லை எண்டு நிண்டிருப்பா, அவை வேணுமெண்டு வீட்டை இழந்தவா எண்டு சொல்லித் தட்டிக்கழிக்கப் பாத்திருப்பினம்.

முந்தி, யுனிவேர்சல் கிரெடிட்டுக்கு முதல் இருந்த ஹவுசிங் பெனிபிட் எண்ட வாடகை உதவிக் காலத்தில, காசு நேரா வாடகைக் கணக்குக்குள்ள போனது, அக்கா கண்ணாலயும் கண்டதில்லை. இப்ப அவாவின்ர கையில வந்து போகுது. ஸ்கொட்லாந்தில எண்டா வாடகைக்காசை நேரா வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லி ஆக்களே கேக்கலாம், இங்க அரியர்ஸ் வந்தா, இல்லாட்டி காசைக் கையாளக் கஷ்டப்படுற ஆள் எண்டாத்தான் அந்தக் கதையே. அதை நீங்கள் மாத்தேலாது. ஆனா ஒரு கிழமை முழுக் காசு வரேல்லையெண்டா அடுத்த கிழமையே ஒரு போன் அடிக்கலாம், பதினாலு கடிதத்துக்கு ஆகிற செலவில தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை அரை மணித்தியாலம் கதைக்க விடலாம், 50 பவுண் கேக்க முதல் அவாவின்ர வரவு செலவு என்ன எண்டு கேக்கலாம்.

அக்கா இப்ப ஒவ்வொரு திங்களும் வேலையால வரேக்க சந்திக் கடையில கட்டிப்போட்டு, அந்தத் துண்டை அதே பிஸ்கட் ரின்னுக்குள்ள போடுறா.

வீட்டில இன்னொரு பிள்ளையும் இருக்கு, சின்னவள். பிறந்த திகதி உங்கட ஃபைலிலயும் கிடக்கு. வாற நவம்பரில அவளுக்கும் 21 முடியுது. நான் என்ர கலண்டரில வட்டம் போட்டு வச்சிருக்கிறன், நீங்கள்?

இப்படிக்கு,
போனில அடிக்கடி வாற அந்தக் குரல்