கண்ணாடியை மேலே திருப்பிய அண்ணனுக்கு

அன்பான பேச்சுக் கழகத்து உறவுகளுக்கும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்களுக்கும், ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணனுக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை அதிகாரிகளோடு நடந்த கூட்டம் முடிந்து வந்த நேரம் முதல் இதை எழுத வேண்டும் என்றுதான் இருக்கிறேன். பேனாவை எடுத்தாலே கண் நிறைந்துவிடுகிறது. தள்ளிப்போட்டால் மனதில் இருக்கிற சூடு ஆறிவிடும் என்று, இன்று முன்பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்களுடைய சின்ன நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவம்பர் மாதத்து மழையைப் பற்றியோ அந்த இரவைப் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. டித்வா என்ற புயலின் பெயரைச் சொன்னாலே மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த நாட்களில் நீங்களும் கூடவே இருந்தீர்கள். லயத்து ஆட்கள் சார்பில் அதிகாரிகளுக்கு முன்னால் யார் பேசுவது என்று வந்தபோது, "டீச்சர் பேசட்டும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் என் பக்கம் திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

பேசினேன். ஆறு நிமிடம், தாளைப் பார்க்காமல் பேசினேன். லயத்து அறைகளான காம்பராக்களில் எதன் சுவரில் எவ்வளவு நீளத்துக்கு வெடிப்பு, லயத்துக்கு மேலே புதிதாக எந்த இடத்தில் ஊற்றுக் கிளம்பியிருக்கிறது, எந்த மரங்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, அந்த இடத்தில் இருக்கலாமா கூடாதா என்று எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்கள். வருகிற திகதியையும் சொன்னார்கள். வீடு கிடைத்துவிடவில்லை, காணி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் சொன்னது கடைசி வரை காது கொடுத்துக் கேட்கப்பட்டது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கழகத்துக்கு. டவுனில் ஒரு டியூஷன் வகுப்பு மாடியில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டரை மணிக்கு நடக்கும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையைத் தமிழில் நடத்துகிறோம். 1924 இல் கலிபோர்னியாவில் ஒரு வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய முறை அது. லயத்தில் பலர் அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பதால் சொல்கிறேன். தயாரித்து வந்தும் பேசலாம், சீட்டு எடுத்து அதில் இருக்கிற தலைப்பில் இரண்டு நிமிடம் திடீர்ப் பேச்சும் பேசலாம். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் இலக்கணம் கவனிப்பார். ஓர் அக்கா நாம் எத்தனை தடவை "ம்ம்", "அது வந்து" என்று இழுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒருவர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று மனம் நோகாமல் சொல்வார். மேடைக்குப் பின்னால் திட்டு வாங்கி வளர்ந்த எனக்கு இப்படியும் ஒருவர் பிழை சொல்ல முடியும் என்பதே புதிதாக இருந்தது.

போன வருடம் பெப்ரவரியில் நான் முதல் தடவை சீட்டு எடுத்தேன். "மறக்க முடியாத பயணம்" என்று இருந்தது. எழுந்து நின்றேன். இருபது பேர், நாற்பது கண். அவ்வளவுதான், வாய் ஒட்டிக்கொண்டது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பில் நான் பேசியதைக் கேட்டு ஒருவர் "தோட்டத்துத் தமிழ்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு மாடியில் இருந்த யார் முகத்திலும் இல்லை. எனக்கு மட்டும் எல்லா முகத்திலும் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள், அதுவும் சுட்டது.

அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். மழை வேறு. ஆட்டோவில் ஏறிப் பின் சீட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் முன்னால் இருந்த கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் அதே ஆட்டோ. "ஞாயிற்றுக்கிழமையில எதுக்கு டீச்சர் டவுனுக்கு வாறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஆட்கள் பார்த்தால் பேச்சு வருவதில்லை என்பதையும், அது வரை வீட்டில்கூடச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டப் பாதைக்குத் திரும்பியதும் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். முருகன் படமும் பிளாஸ்டிக் மாலையும் தொங்குகிற அந்தக் கண்ணாடியைப் பிடித்து, கூரையைப் பார்க்கிற மாதிரி மேலே திருப்பிவிட்டார்.

"இப்ப பேசுங்க. நான் ரோட்டத்தான் பாப்பேன்."

இவ்வளவுதான் அவர் செய்தது. பெரிய உதவி செய்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தக் கண்ணாடி திரும்பிய நொடிதான் எனக்கு வாய் திறந்த நொடி. என் முன்னால் ஒரு முதுகும், காக்கிச் சட்டைக் காலரும், மழைத் தண்ணீர் வழிகிற முன் கண்ணாடியும் மட்டும் இருந்தன. பேச ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கழகம் முடிந்து வருகிற ஒவ்வொரு ஞாயிறும் தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் கண்ணாடி மேலே போகும், நான் பேசுவேன். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும். "கேக்கல டீச்சர்" என்பார். குரலை ஏற்றுவேன். பள்ளத்தில் எஞ்சினை அணைத்துச் சும்மா உருள விடுவார். அப்போது சத்தமே இருக்காது, தானாகக் குரலை இறக்குவேன். கழகத்தில் குரலின் ஏற்ற இறக்கம் பற்றி எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார்கள். என் தொண்டைக்கு அது பிடிபட்டது அந்தப் பாதையில்தான்.

கன்னிப் பேச்சு நாலு முதல் ஆறு நிமிடம். நாலில் பச்சை அட்டை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்புக் காட்டுவார்கள் என்று ஒரு நாள் சொன்னேன். அடுத்த தடவை அண்ணன் கணக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். மாரியம்மன் கோயில் வந்ததும் "பச்சை" என்றார். பாலத்தில் "மஞ்சள்". ஸ்டோர் கேட்டுக்குக் கிட்ட "சிவப்பு, முடிங்க". கடிகாரம் பார்க்காமல், பாதையை வைத்தே நேரம் சொன்னார். இன்றைக்கும் எங்கே பேசினாலும் மனதுக்குள் கோயில் கடந்துவிட்டதா, பாலம் வந்துவிட்டதா என்றுதான் ஓடுகிறது.

அவர் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். அம்மா தேயிலைக் கொழுந்தை நிறுக்கக் கொடுத்த கதை என் பேச்சின் நடுவில் இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டியதற்கும் துண்டில் எழுதியதற்கும் நடுவே இரண்டு கிலோ காணாமல் போனது, அம்மா ஒன்றும் சொல்லாமல் வெறும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பியது. "அத முன்னால போடுங்க டீச்சர். அதுலதான் எனக்கு நெஞ்ச அடச்சிச்சு" என்றார். முன்னால் போட்டேன். அன்றைக்குக் கழகத்தில் நான் பேசி முடித்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. முன்பு ஒரு தடவை என் வாயில் இருபத்து மூன்று "ம்ம்" எண்ணிய அக்கா அன்றைக்கு நாலு என்று வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் எங்கள் ஆட்களை மூன்று நடையாக ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பெற்றோலுக்குக்கூட வாங்கவில்லை. மண்டபத்தில் பின்னால், வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். இடிந்த காம்பராக்களின் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து ஒன்பதாம் காம்பராவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. பழைய பயம் காலிலிருந்து ஏறியது. அப்போது அண்ணன் மெதுவாகத் திரும்பி, வெளியே ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துத்தான் மிச்சத்தையும் பேசி முடித்தேன்.

பேச்சு வராதது என் ஒருத்தியின் குறை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு மேல் வாய் திறந்து பழகாத பரம்பரை எங்களுடையது. 1948 இல் வந்த சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த வருடம் வாக்கும் போனது. எங்கள் அப்பாயிக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் குடியுரிமை கிடைத்து எல்லாம் சரியானது. முதல் தடவை வாக்களிக்கப் போனபோது நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பாயி தன் பெயரைச் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார்கள், அப்போதும் கேட்கவில்லை.

ஆனால் இதே மண்ணில் வேறு கதையும் இருக்கிறது. கழகத்தில் ஓர் ஐயா பேசியபோதுதான் அதை முழுதாகத் தெரிந்துகொண்டேன். 1931 இல் கோ. நடேசையர் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியெழுப்பினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடியும் பேசியும் எங்கள் ஆட்களைத் திரட்டினார். ஒரு பெண், அந்தக் காலத்தில். அன்று வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் நான் வேறு எதையும் பேசவில்லை. மீனாட்சியம்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், அண்ணனும் ஸ்டோர் கேட் தாண்டியும் "சிவப்பு" சொல்லாமல் ஓட்டினார்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். என் பேச்சை நாலு தடவை கேட்டுத் திருத்திய மதிப்பீட்டாளர் ஐயா, பாதை மூடிக் கிடந்த கிழமைகளில் போனிலேயே எனக்குப் பயிற்சி தந்த தம்பிமார், தங்கள் வீட்டுத் துணிமணியை மண்டபத்துக்கு அனுப்பிய கழகத்து அக்காமார், கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்த கிராம உத்தியோகத்தர், கூட்டத்தன்று என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சின்னம்மா, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்த கடைக்காரர், எல்லோருக்கும் என் நன்றி. விட்டுப்போன பேர் இருந்தால் என்மேல் கோபப்படாதீர்கள், நேரில் வந்து சொல்கிறேன்.

அண்ணன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. நான் ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இனி என் முன்பள்ளியில் எந்தப் பிள்ளையும் பேசத் தடுமாறினால், "சத்தமாகச் சொல்லு" என்று முகத்தைப் பார்த்து அதட்ட மாட்டேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று காது கொடுப்பேன். நேற்று அப்படிச் செய்து பார்த்தேன். மழைக்குப் பிறகு யாரோடும் பேசாமல் இருந்த பையன் ஒருவன், என் முதுகுக்குப் பின்னால் தன் பூனையின் பெயரைச் சொன்னான்.

அண்ணே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்குக் கோயிலடிக்கு வந்துவிடுங்கள். இந்த முறை நான் தனியாக வரவில்லை, லயத்திலிருந்து இரண்டு பேர் கழகத்துக்கு வருகிறார்கள். திரும்பி வரும்போது முதலில் சின்னம்மா பேசுவார். இப்போதே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியை மட்டும் முன்கூட்டியே திருப்பி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
லயத்து முன்பள்ளி டீச்சர்