சாக்ரமென்டோ கிங்ஸ் முதலாளிக்கு செம்பூரிலிருந்து ஒரு மடல்

மும்பை, நவம்பர் 2025

மதிப்புக்குரிய விவேக் ரணதிவே அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மும்பையில் பிறந்தவர் என்கிற ஒரே உரிமையில் எழுதுகிறேன். அமெரிக்காவில், சாக்ரமென்டோவில் நம் கூடைப்பந்து அணிக்கு இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே காலை எட்டரை. செம்பூரில் ரயில் ஏறும்போது முதல் குவார்ட்டர் (விளையாட்டுக் குவார்ட்டர்தான்) ஓடிக்கொண்டிருக்கும். வடாலா வருவதற்குள் நம் அணி பத்துப் பதினைந்து புள்ளி பின்தங்கியிருக்கும். என் போனை எட்டிப் பார்க்கும் பக்கத்து ஆள்கூட உச்சுக் கொட்டுகிறார்.

நம் ஆட்டக்காரர்களைப் பாருங்கள். டீரோசனுக்கு 36 வயது. வெஸ்ட்புரூக்குக்கு 37. லவீனுக்கு 30தான், ஆனால் இந்த சீசன் சம்பளம் 4.7 கோடி டாலருக்கு மேல்.

இவர்கள் மேல் கோபமில்லை. எங்கள் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், இரண்டு முட்டியிலும் உறை போட்டுக்கொண்டு. ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தைத் தூக்கினால் வளையம் அசையாமல் வலைக்குள் இறங்கும். எதிரணிப் பையன் ஓட ஆரம்பித்தால் மட்டும் நடுக்கோட்டிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். கையில் இருக்கும் ஆட்டம் காலில் இல்லை. அணிக்கு அப்படி ஓர் அண்ணன் இருக்கலாம். மூன்று பேர் என்றால் யார் ஓடுவது?

2013இல் பாஸ்டன் அணி 35 வயது பியர்ஸையும் 37 வயது கார்னெட்டையும் புரூக்ளினுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கிய டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்புகளிலிருந்துதான் பிற்பாடு ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024இல் கோப்பையும் வந்தது.

நாம் செய்தது தலைகீழ். 22 வயது நிரம்பாத ஹாலிபர்ட்டனை 2022இல் இந்தியானாவுக்குக் கொடுத்து சாபோனிஸை வாங்கினோம். 16 சீசன் கழித்து 2023இல் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) பார்த்தோம், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போனது இந்தியானா. 2019இல் வொர்லியில் நம்மோடு ஆடிய அதே அணி! நான் பார்த்த இரண்டாம் நாள் 24 புள்ளியில் தோற்றோம். சாபோனிஸ் அப்போது அந்தப் பக்கம்.

சரி, என் யோசனை. டீரோசனை, கடைசி ஐந்து நிமிடத்தில் புள்ளி எடுக்க ஆள் தேடும் பெரிய அணிக்குக் கொடுங்கள். பதிலுக்கு நட்சத்திரம் வேண்டாம்; பெஞ்சில் வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் 21 வயதுப் பையன் ஒருவன் போதும். லவீனுக்கு ஈடாக எதிரணியும் ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தை அனுப்பியாக வேண்டும் என்பதால் பேரம் லேசில் படியாது. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

சாபோனிஸ்தான் நல்ல விலை போகிறவர். 29 வயது, தொடர்ந்து மூன்று சீசன் ரீபவுண்டில் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) லீகிலேயே முதல் ஆள். முதல் சுற்று டிராஃப்ட் இரண்டு, கூடவே ஓடத் தெரிந்த ஒரு பையன்: இதற்குக் குறைந்து இறங்காதீர்கள். நம் ஆட்டக்காரர் கீகன் மரேயை யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள பிப்ரவரி 5 வரை நேரம் இருக்கிறது. கடைசி நாள்வரை இழுத்தால் எல்லோரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

2019இல் வாங்கிய ஃபாக்ஸ் ஜெர்சியை இப்போது என் மகன் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறான். ஃபாக்ஸையும் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டீர்கள். அடுத்து மரேயின் 13ஆம் எண் வேண்டுமாம். பிப்ரவரி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செம்பூர் ரசிகன்